கந்தோர்க் கதிரையும் 1773ஆம் ஆண்டு வழக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வேல்ஸ் நாட்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். சட்டம் வந்தது, மொழி பிழைத்தது, நாங்களும் எங்கள் மொழிச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும் என்ற மாதிரி முடித்திருக்கிறார் எழுதியவர். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த நாட்டில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவன் நான், குளிருக்கு வெளியில் போக முடியாமல் அங்கத்தைய நூலகத்திலேயே பாதிநாள் கிடந்தவன், அதனால் கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒரு வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. 1773ஆம் ஆண்டு. கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் போல்ஸ் என்ற மனிதரின் கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

வேல்ஸின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு, அவர்களுடைய மொழியான வெல்ஷில் மோன். லண்டன்காரனுக்கு அது எங்களுக்கு நெடுந்தீவு மாதிரி, இருக்கிறது என்று தெரியும், யாரும் போவதில்லை. அங்கே ட்ரெவ்ட்ரைத் என்று ஒரு பங்கு, ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கிற ஊர், அதோடு சேர்ந்தது லங்குய்வன் கோயில். (இந்தப் பெயரின் முதல் எழுத்தை என் பேத்தி எனக்கு ஒரு கிழமை சொல்லித் தந்தாள், வரவேயில்லை. எங்கள் ழகரத்தைக் கொண்டுபோய் அவளுடைய ஆசிரியரிடம் கொடுத்துப் பழிவாங்கினேன்.) லங்குய்வன் கோயில் கடலுக்குள் ஒரு சின்னத் திட்டில் நிற்கிறது, கடல் வற்றும் நேரம் பார்த்து நடந்து போகலாம். நயினாதீவுக்குப் போவதுபோலப் படகுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை, ஆனால் திரும்பி வரும் நேரத்தை மறந்தால் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

இந்த இரண்டு இடத்துக்குமாக 1766இல் ஒரு பாதிரியாரை நியமித்தார்கள். தோமஸ் போல்ஸ், ஆங்கிலேயர், எழுபதை ஒட்டிய வயது, படித்த மனிதர், கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவருக்கு வெல்ஷ் தெரியாது. பங்கில் இருந்த மக்கள் ஐந்நூறு பேரளவில், அதில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஐந்து பேர். நூற்றுக்கு ஒருவர். ஞாயிற்றுக்கிழமை இந்த மனிதர் மேடையில் ஏறினால் யாருக்குப் பிரசங்கம்? சாகக்கிடக்கிற கிழவியிடம் போய் என்ன பேசுவார்? நியமித்தவர் பாங்கர் என்ற மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த ஜோன் எகர்ட்டன். அவரும் ஆங்கிலேயர்தான். அந்த நூற்றாண்டில் வேல்ஸுக்கு வந்த ஆயர்களில் பெரும்பாலானோருக்கு அது ஒரு தங்குமடம், நல்ல வருமானமுள்ள ஆங்கிலேயப் பீடம் கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போவார்கள். எகர்ட்டனும் 1768இல் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார், கடைசியில் டர்ஹாம் என்ற பெரிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். அவர் வைத்துவிட்டுப் போன ஆள் மட்டும் தீவில் இருந்தார்.

ஊர்க்காரர் சும்மா இருக்கவில்லை. அங்கே ஒவ்வொரு கோயிலுக்கும் பங்கு மக்களின் சார்பில் ஊர்க்காரர்களையே பொறுப்பாக வைப்பார்கள், எங்கள் தர்மகர்த்தா மாதிரி, ஆனால் எங்களவரைப்போல ஆயுள்முழுக்க இல்லை. அவர்கள்தான் வழக்குப் போட்டார்கள், அதுவும் உள்ளூரில் இல்லை, இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் லண்டனில் இருந்த திருச்சபை மேல்நீதிமன்றத்தில். கையில் நல்ல சட்டமும் இருந்தது. விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷில் பெயர்க்க வேண்டும், வெல்ஷ் பேசுகிற இடங்களில் வழிபாடு வெல்ஷில் நடக்க வேண்டும் என்று 1563ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மக்களுக்கு விளங்காத மொழியில் கோயிலில் வழிபாடு நடத்துவது தவறு என்று திருச்சபையின் சொந்த விதிகளிலேயே ஒன்று இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் சொன்ன பதிலை வாசித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். வேல்ஸ் வெல்லப்பட்ட நாடு, அங்கே ஆங்கிலத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முறை, அதை வளர்ப்பது ஆயர்களின் கடமை என்று நீதிமன்றத்தில் பச்சையாகவே வாதாடியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் இப்படி வெளியில் சொல்ல மாட்டார்கள். ஆளணிப் பற்றாக்குறை என்பார்கள்.

தீர்ப்பு 1773 ஜனவரியில் வந்தது. நீதிபதி ஜோர்ஜ் ஹே. வெல்ஷ் பேசும் பங்குக்கு வெல்ஷ் தெரிந்த குருவைத்தான் நியமிக்க வேண்டும், போல்ஸை அங்கே நியமித்திருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சரி, ஊர் வென்றது என்று நினைப்பீர்கள். அடுத்த வரியைக் கேளுங்கள்: ஆனால் நியமனம் நடந்துவிட்டது, பதவி இப்போது அவருடைய சொத்துரிமை, அதைப் பறிப்பதற்குப் போதிய காரணம் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே அவர் இருக்கலாம்.

இருந்தார். அதே வருடம் நவம்பரில் செத்தார், அதற்குப் பிறகுதான் வெல்ஷ் தெரிந்த ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், இறந்தவர்களுக்கு அடக்கம், எல்லாம் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுரையாளரிடம் நான் கேட்க வந்தது இதைத்தான். சட்டம் அந்த ஊருக்குச் சாதகமாக 210 வருடமாகப் புத்தகத்தில் இருந்தது, தீர்ப்பும் சாதகமாகத்தான் வந்தது, ஆனால் கதிரையிலிருந்து ஆளை எழுப்பினது யமன்தான்.

இனி என் கதை. நான் தபால் கந்தோரில் 33 வருடம் இருந்து இளைப்பாறியவன். போன மாசி மாதம் ஒரு விண்ணப்பம் விஷயமாக ஒரு அரச கந்தோருக்கு எழுதினேன், தமிழில்தான், நல்ல கையெழுத்தில். ஆறு கிழமையால் பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில், அடியில் ஒரு ரப்பர் முத்திரை மட்டும் மும்மொழியில். என் காலத்தில் நான் சேவைக்கென்று சிங்களம் கொஞ்சம் படித்தவன், விலாசம் வாசிப்பேன், இலக்கம் வாசிப்பேன், கடிதம் வாசிக்க வராது. பக்கத்து வீட்டுப் பெடியன் பல்கலைக்கழகத்துக்குத் தெற்கில் போய் வந்தவன், அவனிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, நீங்கள் அனுப்பின படிவம் பிழையாம், சரியான படிவத்தை இத்தோட அனுப்பியிருக்காம்.” இணைத்திருந்த படிவமும் சிங்களத்தில்.

கந்தோருக்கே போனேன். அங்கே கதிரையில் இருந்தவர் ஒரு இளம் உத்தியோகத்தர், முப்பது வயதும் இருக்காது, என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். தமிழ் தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தானாகக் கேட்டு வந்தவர் இல்லை, போட்டார்கள், வந்தார். “ஐயா, இருங்க” என்ற இரண்டு சொல் மட்டும் வைத்திருந்தார், அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். தமிழ் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறாராம், அன்றைக்கு லீவு. நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்கும் லீவு. மூன்றாம் நாள் அந்த அம்மா வந்தார், இரண்டு நிமிட வேலை, முடிந்தது. நான் மூன்று நாள் பஸ்ஸில் போய் வந்தது அந்த இரண்டு நிமிடத்துக்கு.

இந்த நாட்டில் சட்டம் இல்லையா? 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டத்தை யாரும் மறக்க மாட்டார்கள், அது வேறு. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் பதிவேட்டு மொழியும் தமிழ் என்றது. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் போட்டார்கள். ட்ரெவ்ட்ரைத் ஊர்க்காரருக்கு இருந்ததைவிடப் பலமான சட்டம் எனக்கு இருக்கிறது. போல்ஸும் இருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தருடையது, கதிரை போர்த்துக்கேயருடையது. யாழ்ப்பாணத்தானுக்கு அரச அலுவல் என்றால் ஒல்லாந்தனின் வீட்டில் பறங்கியின் தளபாடம் என்றுதான் தொடக்கம். 1773இல் இங்கே கோட்டையில் ஒல்லாந்தர்தான் இருந்தார்கள். அவர்களை நான் புகழ வரவில்லை, ஆனால் 1707இல் எங்கள் ஊர் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுதி எடுத்தபோது அதைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்து, சரிதானா என்று பார்க்கச் சொன்ன பிறகுதான் சட்டமாக வைத்தார்கள். வரி வாங்க வந்தவனுக்கே அந்தப் புத்தி இருந்தது.

வேல்ஸுக்குத் திரும்ப வருகிறேன். தீர்ப்பு அரைகுறையாகப் போனதும் அவர்கள் என்ன செய்தார்கள்? லண்டனில் கம்ரோடோரியன் என்று வேல்ஸ்காரரின் சங்கம் ஒன்று இருந்தது, 1751இல் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் ரிச்சர்ட் மோரிஸ். யார் என்று நினைக்கிறீர்கள்? பிரபுவும் இல்லை, பேராசிரியரும் இல்லை, கடற்படைக் கந்தோரில் கணக்கு எழுதிய கிளார்க். அதே ஆங்கிள்சித் தீவில் பிறந்து, பெடியனாக லண்டனுக்குப் போய், ஊரை மறக்காமல் இருந்த மனிதர். கந்தோர் வேலைக்கு மேலே, 1746இலும் 1752இலும் வந்த வெல்ஷ் விவிலியப் பதிப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்தவரும் இவர்தான். கிளார்க்குமாரை லேசாக நினைக்க வேண்டாம் என்று என் பழைய சக ஊழியர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இந்தச் சங்கம் வழக்குக்குப் பின்னால் நின்றது, தோற்றும் தோற்காமலும் முடிந்த பிறகு, 1773இலேயே, சாட்சியம், வாதம், தீர்ப்பு எல்லாவற்றையும் அப்படியே அச்சடித்துப் புத்தகமாக வெளியிட்டது. வெல்லப்பட்ட நாடு என்று சொன்ன வாயும் அதில் பதிவாகிவிட்டது. இன்றைக்கு நான் வாசித்துக் கண்ணாடி துடைத்தது அதனால்தான். எங்களுக்கும் லண்டனில் சங்கங்கள் நிறைய இருக்கின்றன, பழைய மாணவர் இரவு விருந்துக்கு மண்டபம் பிடிப்பதில் அவர்களை அடிக்க ஆள் இல்லை, கோபிக்க வேண்டாம், என் மருமகனும் அதில் ஒரு பொருளாளர்தான்.

அதே 1773இல்தான் யோலோ மோர்கனுக் என்ற இருபத்தாறு வயதுக் கல்தச்சர் லண்டனுக்குப் போய்ச் சேருகிறார். பெரிய கவிஞர், அதைவிடப் பெரிய புளுகர். பழைய புலவர்களின் பேரில் தானே பாட்டு எழுதி ஏடு கிடைத்தது என்று சொன்னவர், 1792இல் லண்டன் மேடொன்றில் கல்லை வட்டமாக அடுக்கிவைத்து ஆதிகாலத்துப் புலவர் சபை என்று நடத்தியவர். அந்தச் சடங்கு இன்றைக்கும் அவர்களுடைய தேசியக் கலை விழாவில் நடக்கிறது, பொய் என்று எல்லாருக்கும் தெரியும், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். குமரிக்கண்டத்துக்கு ஏக்கர் கணக்குச் சொல்கிற எங்கள் ஆட்களுக்கு அவரை நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் மொழியைத் தூக்கி நிறுத்தியது இவர்கள் இல்லை என்பது என் அபிப்பிராயம். லந்தௌரோர் என்ற ஊரில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பாதிரியார் 1731 அளவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்கு முன் தர்மப் பள்ளிக்கூடங்கள் பல இருந்தன, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பிள்ளைகள் வருடக்கணக்கில் இருந்தும் விளங்காமல் ஒப்புவித்துவிட்டு மாடு மேய்க்கத் திரும்பிப் போனார்கள். இவர் வெல்ஷில் வாசிக்க மட்டும் கற்றுக்கொடுத்தார், எழுத்துகூட இல்லை. தோட்ட வேலை குறைந்த மாரிகாலத்தில் மூன்று மாதம் ஒரு ஊரில், கோயிலிலோ களஞ்சியக் கொட்டிலிலோ, வாத்தியார் வருவார், சொல்லிக் கொடுப்பார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பகலில் பிள்ளைகள், இரவில் வேலை முடித்து வருகிற தாய் தகப்பன், கிழவன் கிழவி. 1761இல் அவர் சாகும்போது ஏறக்குறைய 3,300 தடவை இப்படிப் பள்ளி கூடியிருந்தது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து படித்திருந்தார்கள், அதுவும் பகல் வகுப்புக் கணக்கு மட்டும். நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஐந்து இலட்சத்துக்குள். ரஷ்ய மகாராணி கத்தரீன் இதைப் பற்றி விசாரித்து அறிக்கை எடுப்பித்தார் என்று சொல்வார்கள். அவர் போன பிறகு பிரிஜிட் பெவன் என்ற அம்மையார் பொறுப்பெடுத்து 1779 வரை நடத்தினார். அப்படியென்றால் 1773இல், லண்டன் நீதிமன்றத்தில் ஹே ஐயா தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்த அந்த மாரியிலும், எங்கோ கொட்டில்களில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். (அம்மையார் பள்ளிகளுக்கென்று எழுதிவைத்த பத்தாயிரம் பவுணை உறவுக்காரர் வழக்குப் போட்டுப் பல பத்தாண்டுகள் முடக்கி வைத்தார்கள். காணி வழக்கு எங்களுக்கு மட்டும் உரிய வியாதி இல்லைப் போலும்.)

இன்னொன்று. அதே ஆண்டு ஜூலை 21 அன்று ஹவல் ஹாரிஸ் இறந்தார். குருப்பட்டம் பெறாத பிரசங்கி, திறந்த வெளியில் நின்று பேசுவார், கல்லெறி வாங்கியவர். அவரை அடக்கம் செய்த அன்று டால்கார்த் என்ற சின்ன ஊருக்கு இருபதினாயிரம் பேர் வந்தார்கள் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். பெருப்பித்துச் சொல்லியிருந்தாலும் பாதியாவது வந்திருக்கும். அந்தச் சனம் ஏன் வயல்வெளிக்குப் போனது? பக்தி பெரிய காரணம், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே கதிரையில் இருப்பவர் பேசுவது விளங்காவிட்டால் சனம் வெளியே விளங்குகிறபடி பேசுகிறவரிடம் போகத்தானே செய்யும். 1811இல் ஹாரிஸ் வழிவந்த வெல்ஷ் மெதடிஸ்தர் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டுப் பிரிந்தே போனார்கள். 1920இல் வேல்ஸில் அந்த இங்கிலாந்துத் திருச்சபைக்கு இருந்த அரச சபை என்ற தகுதியே எடுபட்டது. போல்ஸ் ஒருவரால் வந்தது என்று சொல்ல மாட்டேன், அவரைப்போலப் பலர் இருந்தார்கள்.

கட்டுரையாளர் சொன்ன சட்டங்கள் எல்லாம் இதற்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகுதான் வந்தன. நீதிமன்றத்தில் வெல்ஷில் பேச 1942இல்தான் ஓரளவுக்கு வழி பிறந்தது, பிறகு 1967, 1993, கடைசியில் 2011இல் அரசகரும மொழி என்ற நிலை. இப்போது எல்லாத் தெருவிலும் ‘அராவ்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, மெதுவாகப் போ என்று அர்த்தம், பள்ளிக்கூடத்தில் பதினாறு வயது வரை கட்டாய பாடம், ஆசுப்பத்திரிக் கடிதம் இரண்டு மொழியிலும் வருகிறது. ஆனால் 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 17.8 பேர். மகள் இருக்கிற நகரத்தில் ஐந்து மாதத்தில் தெருவில் அந்த மொழியை நான் காதால் கேட்டது நாலைந்து தரம்தான், என் பேத்தி “அம்மப்பா, இதுதான் வெல்ஷ்” என்று கையைப் பிடித்துக் காட்டினதையும் சேர்த்து. 1773இல் சனத்தின் வாயில் மொழி இருந்தது, கதிரையில் இல்லை. இப்போது கதிரையில் இருக்கிறது, பலகையில் இருக்கிறது, வாயில் குறைந்துவிட்டது. கட்டுரையாளர் பலகையைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

நாங்களும் சுத்தமில்லை. தபால் கந்தோரில் தந்தி அடிக்க வருகிற எங்கள் ஆட்களுக்குச் சாவுச் செய்தியைக்கூட ஆங்கிலத்தில்தான் எழுதிக் கொடுத்தேன், தமிழில் அனுப்பலாமா என்று கேட்ட ஒரு அம்மாவிடம் எரிந்து விழுந்ததும் நினைவிருக்கிறது. இப்போது கலியாண அட்டை வந்தால் முக்கால்வாசி ஆங்கிலம், பிள்ளையார் சுழி மட்டும் தமிழ்.

சரி, ஆசிரியரே, நான் கேட்பது இதுதான். ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதிவிட்டேன், தமிழில், பதிவுத் தபாலில், பற்றுச்சீட்டு பத்திரமாக இருக்கிறது. அதோடு நிற்காமல், லண்டன் வேல்ஸ்காரரின் சங்கம் ட்ரெவ்ட்ரைத் வழக்கை அச்சடித்தது மாதிரி, தமிழில் எழுதிய கடிதத்துக்கு வேறு மொழியில் பதில் வாங்கிய வாசகர்கள் அந்தக் கடிதங்களின் பிரதியை உங்களுக்கு அனுப்பினால், ஆள் பெயரை மறைத்துவிட்டு, கந்தோரையும் திகதியையும் மட்டும் வைத்து, கிழமைக்கு ஒன்று ஒரு மூலையில் போடுவீர்களா? தலையங்கம் வேண்டாம், திட்ட வேண்டாம், அந்த இளம் உத்தியோகத்தரைப் போன்றவர்களின் படமும் வேண்டாம். திகதியும் பிரதியும் போதும்.

என்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும் படிவமும். முறைப்பாட்டுக்குப் பதில் வந்ததும் அதையும் அனுப்புவேன், எந்த மொழியில் வந்தாலும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய தபாலதிபர்,
வடமராட்சி